கிழிந்த புடவைக்கு மறுபிறவி... யெல்லாப்பூர் காட்டில் சித்தி பெண்கள் தைக்கும் 'கவந்தி'!

பரண் மேல் ஒரு பழைய துணி மூட்டை இல்லாத வீடு நம் ஊரில் உண்டா? கரை நைந்த காட்டன் புடவை, காலர் கிழிந்த சட்டை, பிள்ளைகள் வளர்ந்ததால் குட்டையாகிப்போன ஸ்கூல் யூனிஃபார்ம்... 'என்றைக்காவது உதவும்' என்று கட்டி வைப்போம். ஒருநாள் தெருவில் பாத்திரக்காரர் குரல் கேட்டதும் மூட்டை கீழே இறங்கும். நாலைந்து புடவைக்கு ஒரு எவர்சில்வர் கிண்ணம். அத்தோடு கணக்கு முடிந்தது.

கர்நாடகாவின் உத்தர கன்னட மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளுக்குள் இருக்கும் சில கிராமங்களில் அந்தக் கணக்கு அப்படி முடிவதில்லை. அங்கே துணி கிழிந்த பிறகுதான் அதன் அடுத்த வேலையே தொடங்குகிறது. ஒரு ஊசி, கொஞ்சம் தடித்த நூல், வீட்டில் இருக்கும் கிழிசல்கள். இவ்வளவுதான் முதலீடு. மெஷின் இல்லை, சட்டம் இல்லை, காகிதத்தில் வரைந்த டிசைனும் இல்லை. சில வாரங்களில் குடும்பமே போர்த்திக்கொள்ளும் வண்ணப் போர்வை தயார். அதன் பெயர் 'கவந்தி'. தைப்பவர்கள் சித்தி இனப் பெண்கள்.

ஹுப்பள்ளியிலிருந்து காட்டுக்குள்...

தமிழ்நாட்டிலிருந்து செல்பவர்களுக்கு ஹுப்பள்ளிதான் வாசல். 1,507 மீட்டர் நீளமுள்ள ரயில்வே பிளாட்பாரம் இந்த ஊரில்தான் இருக்கிறது. 2023-ல் திறக்கப்பட்டபோது, உலகிலேயே நீளமானது என்று செய்திகளில் அடிபட்டது நினைவிருக்கலாம். அங்கிருந்து அங்கோலா, கார்வார் பக்கம் போகும் பஸ்ஸில் ஏறினால், சுமார் 70 கிலோமீட்டரில் யெல்லாப்பூர்.

பாதி வழி வரை கண்ணுக்கு எட்டிய தூரம் வயல்வெளிதான். கல்கட்கி ஊரைத் தாண்டியதும் காட்சி மாறும். மரங்கள் சாலையை நெருங்கி வரும். காற்றில் ஈரம் ஏறும். ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்தவர்கள் துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொள்வார்கள். யெல்லாப்பூரை எட்டும்போது பாக்குத் தோப்புகளும் ஓட்டு வீடுகளும் வந்துவிடும். அதற்கு அப்பால் அரபைல் மலைப்பாதையில் இறங்கினால் அங்கோலா, அரபிக்கடல்.

சுற்றுலாப் பயணிகளுக்கு யெல்லாப்பூர் என்றால் அருவிதான். பேட்தி ஆறு மலையிலிருந்து பள்ளத்தாக்கில் விழும் மாகோடு அருவி, பக்கத்தில் போய் நின்று பார்க்கக்கூடிய சாத்தோடி அருவி. இரண்டையும் பார்த்து, போட்டோ எடுத்து, கோகர்ணா பக்கம் கிளம்பிவிடுகிறவர்களே அதிகம். அந்த வழியில் ஏதோ ஒரு வேலியிலோ, வீட்டுத் திண்ணையிலோ சிவப்பும் நீலமும் மஞ்சளுமாக ஒரு போர்வை காய்ந்துகொண்டிருந்தால், ஒரு நிமிடம் நின்று பார்க்கலாம். அந்தப் போர்வைக்குப் பின்னால் ஒரு பெரிய கதை இருக்கிறது.

யார் இந்த சித்திகள்?

'சித்தி' என்றதும் நமக்கு அம்மாவின் தங்கை ஞாபகம் வரும். இது வேறு. இவர்களின் முன்னோர்கள் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்கள். பலரும் விரும்பி வந்தவர்கள் அல்லர், அடிமைகளாகக் கப்பலில் ஏற்றப்பட்டவர்கள். 1510-ல் கோவாவைப் பிடித்த போர்ச்சுகீசியர்கள், ஆப்பிரிக்கக் கரையில் இருந்த தங்கள் பகுதிகளிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து வீடுகளிலும் கப்பல் துறைகளிலும் வேலை வாங்கினார்கள். அந்தப் பிடியிலிருந்து தப்பியவர்களும் விடுபட்டவர்களும் தெற்கே இறங்கி, யாரும் எளிதில் தேடி வர முடியாத இந்த அடர்ந்த காடுகளுக்குள் குடியேறினார்கள்.

இன்று யெல்லாப்பூர், ஹளியாள், முண்ட்கோடு, அங்கோலா தாலுகாக்களில் இவர்கள் பரவலாக வாழ்கிறார்கள். இந்துக்கள், முஸ்லிம்கள், கத்தோலிக்கர்கள் என மூன்று மதத்தினரும் உண்டு. வீட்டில் கொங்கணி, கடைத்தெருவில் கன்னடம், சிலருக்கு மராத்தியோ உருதோ தெரியும். பாக்குத் தோப்பில் கூலி வேலை, சொந்தமாகக் கொஞ்சம் நிலம் இருந்தால் நெல், காட்டில் தேன் என்று வாழ்க்கை ஓடுகிறது.

இந்திய விளையாட்டு ஆணையம் 1980-களில் சித்தி பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து ஓட்டப் பயிற்சி கொடுத்தது. திட்டம் சில ஆண்டுகளிலேயே நின்றுபோனது. 2003-ல் உத்தர கன்னட சித்திகள் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கப்பட்டார்கள். 2020-ல் சாந்தாராம் சித்தி கர்நாடக சட்ட மேலவைக்கு நியமிக்கப்பட்டார். அந்த அவைக்குள் நுழைந்த முதல் சித்தி அவர்தான்.

இத்தனை தலைமுறை ஆகியும், ஊரைவிட்டு வெளியே வந்தால் இவர்கள் எதிர்கொள்ளும் கேள்வி மட்டும் மாறவில்லை. 'நீங்க எந்த நாடு?' சரளமான கன்னடத்தில் பதில் சொன்னாலும் கேட்டவரின் ஆச்சர்யம் அடங்காது. சொந்த மாநிலத்திலேயே 'வெளிநாட்டுக்காரர்' ஆக்கப்படும் மக்கள் இவர்கள். அந்த மக்களின் வீட்டுக்குள், அம்மாவிடமிருந்து மகளுக்கும் மாமியாரிடமிருந்து மருமகளுக்கும் கைமாறி வரும் சொத்துதான் கவந்தி.

ஓரத்திலிருந்து நடுவுக்கு!

பழைய துணியில் போர்வை தைப்பது இந்தியாவுக்குப் புதிதல்ல. வங்காளத்தில் 'காந்தா', பீகாரில் 'சுஜனி', மகாராஷ்டிராவில் 'கோதடி', வட கர்நாடகத்தில் 'கவுதி' என்று ஊருக்கு ஒரு பெயர், ஊருக்கு ஒரு கைப்பாங்கு. கவந்தியின் தனித்தன்மை, அது தைக்கப்படும் வரிசையில் இருக்கிறது.

ஒட்டுத் துணிப் போர்வை என்றால் பொதுவாக என்ன செய்வார்கள்? முதலில் சதுரங்களாக வெட்டி, ஒன்றோடு ஒன்று இணைத்து மேல் துணியைத் தயார் செய்வார்கள். பிறகு அடித்துணியோடு சேர்த்துத் தைத்து, கடைசியில் நான்கு ஓரங்களுக்கும் பட்டி அடிப்பார்கள். மூன்று தனித்தனி வேலை.

சித்தி பெண்கள் இந்த மூன்றையும் ஒரே ஓட்டத்தில் முடித்துவிடுகிறார்கள். அடியில் ஒரு பழைய புடவை. அதன் ஒரு மூலையில் முதல் ஒட்டு. ஓரங்களை உள்பக்கமாக மடித்து, அடித்துணியோடு சேர்த்து ஓட்டுத் தையல். அதை ஒட்டி அடுத்த துண்டு, அதற்கு அடுத்த துண்டு. இப்படி ஓரமாகவே நான்கு பக்கமும் ஒரு சுற்று வந்துவிடுவார்கள். பிறகு அதற்கு உள்ளே இன்னொரு சுற்று. சுற்றிச் சுற்றி வந்து நடுவில் போய்ச் சேரும்போது போர்வை முடிந்திருக்கும். ஓரம் முதலிலேயே மடித்துத் தைக்கப்பட்டுவிட்டதால் தனியாகப் பட்டி அடிக்கும் வேலையே இல்லை.

அளவுகோல் கிடையாது. பச்சைக்குப் பக்கத்தில் சிவப்பா, கோடு போட்ட சட்டைத் துணிக்குப் பக்கத்தில் பூப்போட்ட நைட்டித் துணியா என்பதையெல்லாம் கண்தான் முடிவு செய்கிறது. துண்டுகள் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. கிழிசல் எவ்வளவு விட்டு வைத்திருக்கிறதோ அவ்வளவுதான் துண்டின் அளவு. பெரிய ஒட்டின் மேல் அழகுக்காகச் சின்னச் சின்னத் துண்டுகளைப் பதிப்பதும் உண்டு. இதை 'டிகெலி' என்கிறார்கள். கத்தோலிக்கக் குடும்பத்துக் கவந்தியில் சிலுவையும், முஸ்லிம் குடும்பத்துக் கவந்தியில் பிறையும் இடம்பெறுவதுண்டு.

நெருக்கமாக வரிசை வரிசையாக ஓடும் அந்தத் தையல்தான் போர்வையின் உயிர். ஏற்கெனவே நைந்துபோன துணிகளை மேலும் கிழியாமல் பிடித்து நிறுத்துவது அதுதான். ஒரு ஒட்டு கிழிந்தால், அதன் மேலேயே இன்னொரு ஒட்டு. ஆக, கவந்திக்கு 'பழசாகிவிட்டது' என்று தூக்கிப்போடும் நாள் சீக்கிரத்தில் வருவதில்லை.

மூலைக்கு ஒரு பூ

கவந்தியின் நான்கு மூலைகளிலும் முக்கோணமாக மடித்த துணிகளை வைத்துத் தைப்பார்கள். இதற்குப் பெயர் 'பூலா'. கொங்கணியில் பூ என்று பொருள். இதனால் போர்வைக்குக் கூடுதல் வெப்பமோ, கூடுதல் உழைப்போ கிடைக்காது. ஆனாலும் பூலா இல்லாத கவந்தியை முடிந்த கவந்தியாக அவர்கள் ஏற்பதில்லை. பூ இல்லாவிட்டால் அது ஆடையில்லாமல் நிற்பதுபோல என்பது அவர்களின் எண்ணம்.

கூலி வேலைக்குப் போய்வந்து, சமைத்து, பிள்ளைகளைக் கவனித்து, மிச்ச நேரத்தில் கிழிசலைத் தைக்கும் பெண்கள், பயன் எதுவும் இல்லாத அந்த நான்கு பூக்களை மட்டும் விட்டுக்கொடுப்பதில்லை. வறுமையால்தான் இப்படித் தைக்கிறார்கள் என்று நினைப்பவர்கள் அந்த மூலைகளை ஒருமுறை உற்றுப் பார்க்க வேண்டும்.

இன்னொரு சுவாரஸ்யம், அளவு சொல்லும் முறை. இத்தனை அடிக்கு இத்தனை அடி என்ற பேச்சு இல்லை. எத்தனை பேர் சேர்ந்து படுக்கலாம் என்பதுதான் அளவு. இரண்டு பேர் கவந்தி, மூன்று பேர் கவந்தி என்று. குழந்தைக்குத் தைப்பது எல்லாவற்றிலும் சின்னது. பளிச்சென்ற நிறங்களும் சின்ன ஒட்டுகளும் அதில்தான் அதிகம்.

மலைக்காட்டில் மழைக்கால ஈரமும் மார்கழி மாதத்துக் குளிரும் சாதாரணமானவை அல்ல. ஒரே கவந்திக்குள் அம்மாவும் பிள்ளைகளும் முடங்கிக்கொள்வார்கள். மேலே இருப்பது அப்பாவின் பழைய லுங்கி, அக்காவின் யூனிஃபார்ம், பாட்டியின் புடவை. அந்த வீட்டுக்காரர்களுக்கு மட்டும் எந்தத் துண்டு யாருடையது என்று தெரியும்.

நியூயார்க் வரை போன போர்வை

அமெரிக்க ஆய்வாளர் ஹென்றி ட்ரூவல் சித்தி பெண்களோடு பழகி, கவந்திகளைப் பற்றி விரிவாக எழுதினார். தைப்பவர்கள் ஒன்றுசேர்ந்து கூட்டுறவாக விற்கவும் முயற்சி எடுக்கப்பட்டது. 2011-ல் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் இருக்கும் ஷோம்பர்க் மையத்தில் கவந்திகள் காட்சிக்கு வைக்கப்பட்டன. கறுப்பின மக்களின் வரலாற்றுக்கென்றே இயங்கும் புகழ்பெற்ற நிறுவனம் அது. ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலேற்றப்பட்ட இரு வேறு கூட்டங்களின் வாரிசுகள், ஒரு கந்தல் போர்வை வழியாக ஒருவரையொருவர் பார்த்துக்கொண்ட தருணம் என்று அதைச் சொல்லலாம். இப்போது வெளிநாடுகளில் கைத்தையல் பழகும் பலர் 'கவந்தி' என்ற பெயரிலேயே இந்த முறையைக் கற்றுக்கொள்கிறார்கள்.

இதில் மகிழ்ச்சியோடு ஒரு சிக்கலும் இருக்கிறது. வீட்டுக்குத் தைக்கும்போது பழைய துணிதான் பொருள். விலைக்குத் தைக்கும்போது வாங்குகிறவர், 'யாரோ உடுத்திய துணியா?' என்று முகம் சுளிக்கக்கூடும். அவருக்காகப் புதுத் துணியை வாங்கி, அதைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டுப் போட்டால், கவந்தி எதற்காகப் பிறந்ததோ அந்தக் காரணமே போய்விடுகிறது. இன்னொரு பக்கம், மில் போர்வைகள் சந்தையில் மலிவாகக் கிடைக்கின்றன. வாரக்கணக்கில் உட்கார்ந்து தைப்பதைவிட வாங்கிவிடுவது எளிது. உடுத்தும் துணியும் மாறிவிட்டது. மெத்தென்ற பருத்திப் புடவைகளின் இடத்தில் பாலியெஸ்டர் வந்துவிட்டது. அதில் தைத்த போர்வை ஈரத்தையும் வியர்வையையும் அவ்வளவாக உறிஞ்சாது.

உலகம் முழுக்க 'மறுபயன்பாடு' என்று பேசத் தொடங்கியிருக்கும் காலம் இது. ஒரு காட்டன் டி-ஷர்ட் உருவாக சுமார் 2,700 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. அந்த டி-ஷர்ட்டைப் பத்து முறை போட்டுவிட்டு எறிகிறவர்கள் ஒரு பக்கம். துணியின் கடைசி நூல் வரை பயன்படுத்தத் தெரிந்தவர்கள் இன்னொரு பக்கம். இதில் யார் யாருக்குப் பாடம் சொல்ல வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

போகிறவர்கள் கவனிக்க...

அக்டோபர் முதல் பிப்ரவரி வரை இந்தப் பக்கம் செல்ல நல்ல காலம். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை பலமாக இருக்கும். அருவிகள் பொங்கும், ஆனால் உள் கிராமங்களுக்கான மண் சாலைகள் சிரமம் தரும். காட்டுக் கிராமங்களுக்குப் போவதென்றால், யெல்லாப்பூரில் விவரம் தெரிந்த உள்ளூர்க்காரர் ஒருவரோடு செல்வது நல்லது.

சித்தி கிராமங்கள் சுற்றுலாத் தலங்கள் அல்ல, மக்கள் வாழும் வீடுகள். கேட்காமல் போட்டோ எடுப்பது, தலைமுடியைத் தொட்டுப் பார்ப்பது, 'ஆப்பிரிக்கா டான்ஸ் ஆடுங்களேன்' என்று கேட்பது... இவையெல்லாம் வேண்டவே வேண்டாம். கவந்தி வாங்க விரும்பினால், தைத்தவரிடமே நேரில் வாங்கலாம். பேரம் பேசும் முன், அந்த ஆயிரக்கணக்கான தையல்களை ஒருமுறை விரலால் தடவிப் பார்க்கலாம்.

வீட்டிலேயே ஒரு குட்டிக் கவந்தி!

யெல்லாப்பூர் வரை போக முடியாதவர்கள் பரணில் இருக்கும் மூட்டையை இறக்கினால் போதும். முதல் முயற்சிக்குப் பெரிய போர்வை வேண்டாம். நாற்காலியில் போடும் 20 அங்குலச் சதுர விரிப்பு போதும். தினம் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் ஓரிரு வாரத்தில் முடித்துவிடலாம்.

*தேவையானவை:* அடித்துணிக்குப் பழைய காட்டன் புடவை அல்லது வேட்டி, நடுவில் வைக்க ஒரு பழைய டவல், ஒட்டுகளுக்குப் பல நிறக் காட்டன் துண்டுகள், கண் பெரிதாக இருக்கும் ஊசி, தடித்த காட்டன் நூல் (எம்பிராய்டரி நூல் என்றால் மூன்று இழை), கத்தரிக்கோல், குண்டூசிகள்.

1. எல்லாத் துணிகளையும் துவைத்துக் காயவைத்து இஸ்திரி போடுங்கள். சாயம் போகுமா என்று சந்தேகம் இருந்தால், நனைத்த வெள்ளைத் துணியால் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால் அதை விட்டுவிடுங்கள். பனியன், லெகிங்ஸ் போன்ற இழுபடும் துணிகளை முதல் முறை தவிர்க்கலாம்.

2. அடித்துணியை 21 அங்குலச் சதுரமாக வெட்டி, நான்கு பக்கமும் அரை அங்குலம் உள்ளே மடியுங்கள். டவலை 20 அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாக வெட்டி, மடிப்புகளுக்குள் செருகிக் குண்டூசி குத்துங்கள்.

3. ஒட்டுத் துண்டுகள் மூன்றிலிருந்து ஐந்து அங்குலத்துக்குள் எந்த அளவிலும் இருக்கலாம். முதல் துண்டின் வெளிப்பக்க ஓரங்கள் இரண்டையும் மட்டும் கால் அங்குலம் உள்ளே மடித்து, மூலையோடு மூலை சேரும்படி வையுங்கள்.

4. மூலைப் பூவுக்கு மூன்று அங்குலச் சதுரத் துணியை இரண்டு முறை குறுக்காக மடித்தால் முக்கோணம் கிடைக்கும். வெட்டு ஓரம் உள்ளே மறையும்படி, அடித்துணிக்கும் ஒட்டுக்கும் இடையில் அதைச் செருகிவிட்டுத் தைக்கத் தொடங்குங்கள்.

5. வெளி ஓரத்தை ஒட்டி ஓட்டுத் தையல் போடுங்கள். ஊசி அடித்துணி வரை இறங்கி ஏற வேண்டும். அடுத்த துண்டு, முந்தைய துண்டின் வெட்டு ஓரத்தை அரை அங்குலம் மூடட்டும். மேலே தெரியும் ஓரத்தை மட்டும் மடித்தால் போதும்.

6. ஒரு சுற்று வந்ததும், அரை அங்குல இடைவெளியில் உள்பக்கமாக அடுத்தடுத்த தையல் வரிசைகள். ஒட்டின் உள் விளிம்பில் மட்டும் கொஞ்சம் தைக்காமல் விடுங்கள். அடுத்த சுற்றின் துண்டுகள் அந்த இடத்தின் மேல் மடிப்போடு வந்து உட்காரும்.

7. நடுவில் மிஞ்சும் இடைவெளிக்குக் கடைசித் துண்டு. இதை மட்டும் நான்கு பக்கமும் மடித்து வைத்துத் தைத்து முடியுங்கள்.

தையல் வளைந்து போனால் பிரிக்க வேண்டாம். கவந்தியில் நேர்கோடு ஒரு கட்டாயமே இல்லை. இதே முறையில் பூஜை அறை ஆசனம், சூடான பாத்திரம் வைக்கும் மேட், தவழும் குழந்தைக்குத் தரை விரிப்பு என்று பழகலாம். குழந்தைக்கென்றால் பட்டன், ஜரிகை, மணி எதுவும் வேண்டாம். எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்தால், அவர்களுக்கும் ஒரு மூலையைக் கொடுங்கள். மொபைல் கொஞ்ச நேரம் ஓய்வெடுக்கட்டும்.

விரிப்பு முடிந்து நாற்காலியில் போட்டதும், வீட்டுக்கு வருகிறவர்கள் 'அட, இது அம்மாவோட சுங்குடிப் புடவைதானே?' என்று கண்டுபிடிக்கப்போவது உறுதி. எங்கே கற்றுக்கொண்டாய் என்று கேட்டால், அதற்கும் பதில் இருக்கிறது. இது கவந்தி. யெல்லாப்பூர் காட்டில் இருக்கும் சித்தி பெண்களின் தையல். அவர்கள் எந்த நாடு என்று அடுத்த கேள்வி வந்தால், 'நம்ம நாடுதான், பக்கத்து மாநிலம்' என்று சொல்லிவிடுங்கள்.